கிணற்றுக்குள் அணைந்த விளக்கு

ஜேடர்பாளையம் பேருந்து நிறுத்தத்துக்கு எதிரே, சைக்கிள் கடைக்கும் வெல்ல மண்டிக்கும் நடுவில் ஒரு ஓட்டுக் கட்டடம் இருந்தது. கல்யாணத்துக்கும் காதுகுத்துக்கும் கோயில் நோம்பிக்கும் விளக்கு, நாற்காலி, பந்தல் துணி வாடகைக்கு விடும் கடை. பலகையில் சின்னண்ணன் என்று எழுதியிருந்தாலும் சுற்றுப்பட்டு ஊர்களில் எல்லோரும் அதைச் சாரதாமணி கடை என்றே சொன்னார்கள். சின்னண்ணனுக்கு அதில் வருத்தம் ஒன்றும் இல்லை. கடையில் இருந்த பத்துப் பன்னிரண்டு பெட்ரோமாக்ஸ் விளக்குகளும் தன் மனைவி கை வைத்தால்தான் எரியும் என்று அவரே சொல்லிக்கொண்டிருந்தார்.

சாரதாமணி திருச்செங்கோட்டுப் பக்கத்திலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்தவள். கல்யாணமான புதிதில், எழுபதுகளின் தொடக்கத்தில், விளக்கு கெட்டால் சின்னண்ணன் அதைச் சாக்கில் கட்டிக்கொண்டு சேலத்துக்குப் பஸ் ஏறுவார். செவ்வாய்ப்பேட்டையில் ஒருவர் பழுது பார்த்துக் கொடுப்பார். அதற்கு இரண்டு நாள் ஆகிவிடும். ஒரு பங்குனியில் மூன்று ஊர்த் திருவிழாவுக்கு வாக்குக் கொடுத்துவிட்டு, நான்கு விளக்குகள் செத்துக் கிடந்தபோது, சாரதாமணி அடுப்படியில் சாக்கை விரித்து ஒன்றைப் பிரித்தாள். டேங்குக்குள் அடைத்திருந்த காற்றை முதலில் திறந்து விட வேண்டும் என்பது அவளுக்குத் தெரியாது. எண்ணெய் வெளிவரும் சிறு துளையான நிப்பிளைத் திருகியதும் சீமெண்ணெய் பீச்சி அடித்தது. பக்கத்து அடுப்பில் தீ இருந்தது. இடது கை முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை வெந்து போயிற்று.

"இனி அந்தச் சனியனத் தொடாத சாரதா" என்று சின்னண்ணன் கெஞ்சினார். தோல் ஆறி, விரல்களை மடக்க முடிந்த அன்றே அவள் அதே விளக்கை மறுபடி பிரித்தாள். இந்தத் தடவை அடுப்படியில் இல்லை. கொல்லையில், காற்றைத் திறந்து விட்ட பிறகு.

அதன்பின் சேலத்துக்கு விளக்கு போகவில்லை. தீயில் வெளுத்து வெளிச்சம் தரும் மேண்டில் வலையும் கண்ணாடியும் வாங்கத்தான் சின்னண்ணன் போய் வந்தார். கெட்டுப்போன விளக்கு வந்தால் சாரதாமணி உடனே ஸ்பேனரை எடுக்க மாட்டாள். எரிய விட்டுப் பக்கத்தில் உட்கார்ந்துகொள்வாள். சத்தம் விட்டு விட்டு வந்தால் நிப்பிளில் தூசி. பம்பு அடிக்க அடிக்கக் கை லேசாகப் போனால் உள்ளே தோல் வாஷர் காய்ந்து கிடக்கிறது. அதை எடுத்துத் தேங்காயெண்ணெயில் ஊறப்போட வேண்டும். மேண்டில் ஒரு பக்கம் மட்டும் கறுத்தால் எண்ணெய் பாதி ஆவியாகாமலேயே மேலே வருகிறது. வீடுகளிலிருந்து பம்பு ஸ்டவ்வுகளும் வரத் தொடங்கின. மின்சாரம் வந்த ஊர்களில் கூட அது பாதி நேரம் இருப்பதில்லை என்பதால் வேலைக்குக் குறைவில்லை.

எண்பத்து மூன்றாம் வருஷம் மழை பொய்த்தது. வாய்க்கால் பாசனம் உள்ள வயல்கள் எப்படியோ தாக்குப் பிடித்தன. வாய்க்காலுக்கு வடக்கே மேட்டுக்காட்டில் கிணறுகள் ஒவ்வொன்றாக வற்றின. ஆட்கள் கிணற்றை ஆழப்படுத்தினார்கள். அதுவும் போதாமல் கிணற்றின் அடியில் பக்கவாட்டில் குகை போலக் குடைந்து ஊற்றுத் தேடினார்கள். அந்தக் குகைக்குள் பட்டப்பகலிலும் இருட்டு. எனவே மேட்டுக்காட்டுக்காரர்கள் சாரதாமணியிடம் விளக்கு வாங்கிப் போனார்கள்.

அப்படி வாங்கிப் போனவர்களில் ஒருவர் செங்கோட்டையன். மேட்டுக்காட்டில் பெரிய பண்ணயம். இருந்த கிணறு வற்றியதும், அப்பா காலத்தில் கைவிட்ட பழைய கிணறு ஒன்றைத் தூர் வாரத் தொடங்கியிருந்தார். பல வருஷங்களாகக் கரும்புச் சோகையும் தழையும் செத்த ஆடு கோழியும் போட்டு மூடிய கிணறு. மேலே கிடந்ததையெல்லாம் அள்ளி, நாறிய தண்ணீரை மோட்டார் வைத்து இறைத்து, அடியில் பழைய குகையும் கருஞ்சேறும் தெரியும் வரை வந்திருந்தார்கள்.

ஒரு நாள் காலையில் அவர் மொபெட்டில் விளக்கைக் கொண்டு வந்து இறக்கினார்.

"ஏனுங்கம்மிணி, என்ன லைட்டுங்க இது? உள்ள எறக்குனாக் கண்ண மூடிக்குது."

"மேல எரியுதுங்களாண்ணா?"

"மேல ஜெகஜோதியா எரியுது. பாதிக் கெணறு போனாச் செவக்குது. அடிக்குப் போனா புசுக்குனு போயிருது. குகைக்குள்ள ஒரு அடி கூட எடுத்துட்டுப் போக முடியல. ஆளுக சும்மா ஒக்காந்திருக்காங்க."

"உட்டுட்டுப் போங்கண்ணா. பாத்து வெக்கறேன்."

கயிற்றில் இறக்கும்போது ஆடி, அடியில் தங்கிய தூசி கிளம்பியிருக்கும் என்று அவள் நினைத்தாள். டேங்கைக் கழுவினாள். நிப்பிளையும் அதைக் குத்தும் ஊசியையும் மாற்றினாள். வாஷரை மாற்றினாள். புது மேண்டில் கட்டினாள். பிறகு கொல்லையில் இருந்த முருங்கை மரத்தில் கயிற்றைப் போட்டு, எரியும் விளக்கைக் கட்டி, ஏற்றி இறக்கி, வேண்டுமென்றே ஆட்டிப் பார்த்தாள். கிணற்றுச் சுவரில் கசியும் தண்ணீர் தெறிக்குமோ என்று கண்ணாடி மேல் நாலு சொட்டுத் தெளித்தும் பார்த்தாள். விளக்கு அசையாமல் வெள்ளையாக எரிந்தது. மனதுக்குள் ஏதோ ஒன்று சமாதானமாகவில்லை. ஆனாலும் கொடுத்தனுப்பினாள்.

மறுநாள் செங்கோட்டையன் திரும்ப வந்தார். வண்டியை நிறுத்தாமலேயே, ஒரு காலைத் தரையில் ஊன்றிக்கொண்டு, விளக்கைக் கடை வாசலில் வைத்தார். அவருடைய முகம் கடுகடுவென்று இருந்தது.

"அதே கததானுங்க. ராசி கெட்ட லைட்டு. நீங்களே வெச்சுக்கங்க. நான் டார்ச்சு லைட்டு வாங்கிக் குடுத்துட்டேன். அது எங்க கொண்டு போனாலும் எரியுது. காத்தாலயே ஆளுக குகைக்குள்ள போயிச் சேத்தக் கெளற ஆரம்பிச்சுட்டாங்க."

சாரதாமணிக்குக் காது சுட்டது. கடை முன்னால் நின்ற இரண்டு பேர் வேடிக்கை பார்த்தார்கள். அவள் கேட்டாள்: "அணையறதுக்கு முன்னால மேல இழுத்துப் பாத்தீங்களாண்ணா?"

"பாக்காம? இழுத்தா மறுக்காப் பிரகாசமா வந்துருது."

"பம்பு அடிச்சதுக்கு அப்பறமுங்களா?"

"பம்பு எங்க அடிக்கறது? அதாட்டத் தானா வருது." சொல்லிவிட்டு அவர் வண்டியை முறுக்கிக்கொண்டு போய்விட்டார்.

சாரதாமணி விளக்கைப் பற்றவைத்து எதிரில் உட்கார்ந்தாள். சத்தம் ஒரே சீராக வந்தது. டேங்கில் அழுத்தம் குறைந்து மங்கிய விளக்கு, பம்பு அடிக்காமல் பிரகாசமாகாது. நிப்பிளில் அடைப்பு என்றாலும் தானாக விலகாது. உள்ளே இருப்பது எதுவும் கெடவில்லை. அப்படியென்றால் கெட்டது வெளியே இருக்கிறது.

அவள் எழுந்து தொட்டியிலிருந்து ஈரச் சாக்கை எடுத்து வந்தாள். விளக்கின் தொப்பியில் சுற்றிலும் இருக்கும் துளைகளையும் கீழே காற்றுப் போகும் வழியையும் சாக்கால் மெல்லப் பொத்தினாள். வெள்ளை வெளிச்சம் மஞ்சளாகி, செம்மஞ்சளாகி, கனிந்த கரி போலச் சிவந்தது. சாக்கை எடுத்தாள். விளக்கு விழித்துக்கொண்டது. மறுபடி பொத்தினாள். மறுபடி சிவந்தது.

அந்தக் கிணற்றுக்குள் விளக்குக்கு மூச்சு முட்டியிருக்கிறது. விளக்கு மூச்சு விட முடியாத இடத்தில் ஆட்கள் டார்ச்சைப் பிடித்துக்கொண்டு சேற்றைக் கிளறிக்கொண்டிருக்கிறார்கள். டார்ச்சுக்குக் காற்று தேவையில்லை.

சின்னண்ணன் அன்றைக்குச் சேலம் போயிருந்தார். மேட்டுக்காட்டுக்கு அந்த நேரத்தில் பஸ் கிடையாது. அவள் விளக்கை அணைத்து, ஒரு புது மேண்டிலையும் தீப்பெட்டியையும் முந்தானையில் முடிந்துகொண்டு சாலைக்கு ஓடினாள். டீக்கடை முன்னால் ஒரு கம்ப்ரசர் டிராக்டர் நின்றது. பாறையில் குழி போட்டு வெடி வைப்பதற்காகக் கிணறு கிணறாகப் போகும் வண்டி. ஓட்டுகிற சுப்பையன் டீயைக் கையில் வைத்துக்கொண்டு யாரிடமோ பேசிக்கொண்டிருந்தார். மொபெட்டோ சைக்கிளோ தேடி வந்தவள், அந்த வண்டியின் காற்று டேங்கைப் பார்த்ததும் நின்றாள். காற்று இல்லாத இடத்துக்குக் காற்றையே கொண்டு போக வேண்டும்.

"சுப்பையண்ணா, வண்டிய எடுங்க. செங்கோட்டண்ணன் காட்டுக்கு."

"அவரு கெணத்துக்கு நான் இல்லீங்களே அம்மிணி. நான் வேறொரு பக்கம் போவோணும். அங்க ஆளுக காத்திட்டிருக்காங்க."

"அவரு கெணத்துக்குள்ள காத்து இல்லீங்கண்ணா. ஆளுக உள்ள இருக்காங்க."

"ஆரு சொன்னா?"

"லைட்டு அணைஞ்சு போவுது."

சுப்பையன் சிரிக்கவில்லை என்றாலும் முகத்தில் சந்தேகம் தெரிந்தது. "ஒரு லைட்டு அணைஞ்சதுக்கா நான் வண்டியத் திருப்பறது? உங்க லைட்டுல ஏதாச்சும் கோளாறு இருக்குமுங்க."

"என்ற லைட்டுல கோளாறு இருந்தா இன்னைக்கு ஊரே என்னையப் பாத்துச் சிரிக்கட்டும். உங்க நட்டத்த நான் தாரேன். லைட்டுல கோளாறு இல்லீன்னா?"

அவர் அவள் முகத்தைப் பார்த்தார். டீயைப் பாதியிலேயே கீழே ஊற்றினார்.

கம்ப்ரசர் கட்டிய டிராக்டர் எவ்வளவு முடுக்கினாலும் சைக்கிள் வேகத்துக்கு மேல் ஓடாது. மேட்டில் ஏறும்போது நடக்கிற வேகம்தான். சாரதாமணி மட்கார்டின் மேல் உட்கார்ந்து விளக்கை மடியில் அணைத்துக்கொண்டாள். ஒரு பள்ளத்தில் வண்டி தூக்கிப் போட்டதும், ஏற்கெனவே எரிந்து சாம்பல் கூடாக இருந்த மேண்டில் பொடிந்து கண்ணாடிக்குள் கொட்டியது. கையில் இருப்பது ஒரே ஒரு புது மேண்டில். அவள் முந்தானை முடிச்சைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள். காற்று என்ற ஒன்றே அன்றைக்கு வீசவில்லை. சாலையோரப் பனைகளில் ஒரு ஓலை கூட அசையவில்லை. தான் நினைத்தது தப்பாகப் போக வேண்டும், ஊர் சிரிக்க வேண்டும் என்று அவள் வேண்டிக்கொண்டே போனாள்.

தூரத்திலேயே சத்தம் கேட்டது. கிணற்று மேட்டில் மண் சுமக்கும் பெண்கள் கூடையைப் போட்டுவிட்டு விளிம்பில் குனிந்து நின்றார்கள். குகைக்குள் போனவன் காளியண்ணன். அவன் மனைவி பொன்னாயி அந்தப் பெண்களில் ஒருத்தி. "மாமா, மாமா" என்று அவள் உள்ளே பார்த்துக் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். பதில் வரவில்லை. கூட வேலை செய்யும் செல்லமுத்து, பாதி ஆழத்தில் இருக்கும் மோட்டார்த் திட்டில் நின்றவன், என்னவென்று பார்க்க நூலேணியில் இறங்கியிருக்கிறான். இறங்கியவன் ஏணியின் கால்மாட்டில் தலையைத் தொங்கப் போட்டு உட்கார்ந்துவிட்டான். மேலிருந்து பார்த்தால் அவன் தோள் தெரிந்தது. கூப்பிட்டால் ஒரு முறை கையைத் தூக்கினான். பிறகு அதுவும் இல்லை.

செங்கோட்டையன் சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டு, கல்லில் வெட்டிய படியில் கால் வைக்கப் போனார். திட்டு வரைக்கும் அந்த ஒற்றைப் படிவரிசைதான் வழி. ஒரு பக்கம் பாறை, மறு பக்கம் வெறும் பள்ளம்.

சாரதாமணி டிராக்டர் நிற்பதற்கு முன்பே குதித்தாள். அவரைத் தாண்டிப் போய் இரண்டாம் படியில் உட்கார்ந்துவிட்டாள். விளக்கை முன்னால் வைத்துக்கொண்டு இரண்டு கையையும் அகல விரித்தாள்.

"எறங்காதீங்கண்ணா. உள்ள காத்துக் கெட்டுக் கெடக்குது."

"எந்திரிங்கம்மிணி! ஆளுக மயங்கிக் கெடக்கறாங்க, உங்களுக்கு லைட்டு நெனப்பா?"

"நீங்க எறங்குனா நீங்களும் விழுந்துருவீங்க. செல்லமுத்து எதுக்கு விழுந்தாரு? அவரென்ன நோஞ்சானுங்களா?"

"வழிய உடுங்க!" அவருடைய குரல் கிணற்றில் மோதித் திரும்பி வந்தது. ஒரு பொம்பிளையைப் பிடித்துத் தள்ள அவருக்குக் கை வரவில்லை. தள்ளினால் அவள் பள்ளத்துக்குத்தான் போவாள்.

பொன்னாயி ஓடி வந்து சாரதாமணியின் தோளைப் பிடித்து உலுக்கினாள். "என்ற மனுசன் உள்ள இருக்கறாரு. நீ ஆரு குறுக்க ஒக்கார? எந்திரி! எந்திரியாயா! கும்புடறன் எந்திரி!"

சாரதாமணி எழுந்திருக்கவில்லை. முந்தானை முடிச்சைப் பல்லால் அவிழ்த்தாள். மேண்டிலை எடுத்துக் கட்டும்போது நூல் விரலுக்குப் பிடிபடாமல் இரண்டு தடவை நழுவியது. பொன்னாயி அவள் முதுகில் அறைந்துகொண்டே இருந்தாள். சாரதாமணி கட்டி முடித்து, பம்பை அடித்து, தீக்குச்சியைக் கிழித்தாள். மேண்டில் கறுத்துச் சுருங்கி, பிறகு வெளுத்துப் பளிச்சென்று பிடித்தது.

"கயிறு குடுங்க. இது எரிஞ்சுட்டே போனா நானே வழி உட்டர்றேன். சத்தியமா உட்டர்றேன்."

யாரோ கயிற்றைக் கொடுத்தார்கள். விளக்கு இறங்கியது. திட்டைத் தாண்டும் வரை வெள்ளையாக இருந்தது. அதற்குக் கீழே மஞ்சளானது. ஏணியின் பாதிக்கு வந்ததும் சிவந்தது. செல்லமுத்துவின் தலைக்கு மேல் ஒரு ஆள் உயரம் இருக்கும்போது, ஊதியது போல அணைந்தது.

செங்கோட்டையன் படியில் வைத்த காலை எடுத்தார். அப்போது அவர் முகத்தில் கோபம் இல்லை. கழுத்தில் வேர்வை வழிந்துகொண்டிருந்தது. "என்னங்கம்மிணி பண்றது? சொல்லுங்க. என்ன பண்றது?"

"சுப்பையண்ணன் காத்துக் கொண்டாந்திருக்கறாரு."

சுப்பையன் அதற்குள் குழாய்களை உருட்டிப் போட்டு மாட்டிக்கொண்டிருந்தார். அவரிடம் இருந்த குழாய் அடிவரை எட்டாது. இன்னொன்றை இணைக்க வேண்டும். இணைப்பு வளையத்தில் மண் அடைத்திருந்தது. அவர் அதைக் கல்லில் தட்டினார், சட்டையால் துடைத்தார், மாட்டினார், கழன்றது, மறுபடி மாட்டினார். ஒவ்வொரு தட்டலுக்கும் பொன்னாயி "ஐயோ, ஐயோ" என்றாள். அவளை இரண்டு பெண்கள் பிடித்துக்கொண்டார்கள். சாரதாமணி படியை விட்டு எழவில்லை. அந்த நேரம் எவ்வளவு என்று பின்னால் ஆளுக்கு ஒரு கணக்குச் சொன்னார்கள். அவளுக்கு அது ஒரு பகல் முழுவதும் போல இருந்தது. செல்லமுத்துவின் தோள் லேசாக ஏறி இறங்குகிறதா என்று அவள் உற்றுப் பார்த்தாள். ஏறி இறங்குவது போலவும் இருந்தது, இல்லாதது போலவும் இருந்தது.

கம்ப்ரசர் உறுமியது. குழாயைக் கயிற்றோடு சேர்த்துக் கட்டி இறக்கினார்கள். அடியில் சேற்றுத் தண்ணீர் சிலிர்த்துத் தெறித்தது. அழுகிய நாற்றம் குப்பென்று மேலே வந்தது. முகத்தை மூடிக்கொண்டு நின்றார்கள். சாரதாமணி விளக்கை மறுபடி பற்றவைத்து இறக்கினாள். இந்த முறை செல்லமுத்துவின் தலை வரை போய் அணைந்தது.

"இன்னும் கொஞ்ச நேரம்."

"எவ்வளவு நேரம்?" என்று செங்கோட்டையன் கத்தினார்.

"லைட்டு நிக்கற வரைக்கும்."

மூன்றாம் முறை விளக்கு மஞ்சளாகி, ஆனால் அணையாமல், செல்லமுத்துவின் காலருகே தரை வரை போய் நின்றது. எல்லோரும் அதையே பார்த்தார்கள். மெல்ல அது வெள்ளையானது.

அப்போதுதான் சாரதாமணி எழுந்து பாறையோடு ஒட்டி நின்று வழி விட்டாள். செங்கோட்டையனும் இன்னொருவரும் இடுப்பில் கயிறு கட்டிக்கொண்டு இறங்கினார்கள். செல்லமுத்துவைக் கயிற்றில் கட்டி ஏற்றினார்கள். வேப்பமரத்தடியில் போட்டுத் தண்ணீர் தெளித்ததும், நெஞ்சு தூக்கித் தூக்கிப் போட, அவன் வாந்தி எடுத்தான். கண்ணைத் திறந்தான்.

காளியண்ணனைக் குகையின் உள்கோடியில் கண்டார்கள். சேற்றில் குப்புறக் கிடந்தான். பக்கத்தில் டார்ச் எரிந்துகொண்டிருந்ததாம். மேலே கொண்டு வந்து படுக்க வைத்தபோது அவன் உடம்பில் சூடு இருந்தது; மூச்சு இல்லை. வண்டி பிடித்துப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனார்கள். அங்கே இல்லை என்று சொல்லிவிட்டார்கள்.

அதன்பின் ஊரில் இரண்டு விதமாகப் பேசினார்கள். அவள் மட்டும் அன்றைக்குக் குறுக்கே உட்காராமல் இருந்திருந்தால் நான்கு பிணம் விழுந்திருக்கும் என்று ஒரு பக்கம். உடனே இறங்கித் தூக்கியிருந்தால் காளியண்ணனைக் காப்பாற்றியிருக்கலாம், உடம்பில் சூடு இருந்ததே என்று இன்னொரு பக்கம். இரண்டாவது பேச்சை யாரும் அவள் முகத்துக்கு நேரே சொல்லவில்லை. ஆனால் அவள் வந்தால் டீக்கடையில் பேச்சு நின்றது.

சின்னண்ணன் சொன்னார்: "நீ செஞ்சது செரிதான் சாரதா. எவன் என்ன சொன்னா என்ன?"

"செரிதானுங்க" என்று அவள் சொன்னாள். "ஆனா அந்தம்மா என் முதுகுல அடிச்சுச்சே, அது இன்னும் வலிக்குதுங்க."

பொன்னாயி ஒரு மாதம் கழித்துக் கடைக்கு வந்தாள். சாரதாமணி ஒரு ஸ்டவ்வைப் பிரித்து வைத்திருந்தாள். வந்தவள் யாரென்று தெரிந்ததும் எழுந்து நின்றாள். உட்காரச் சொன்னாள், பொன்னாயி உட்காரவில்லை. தூணைப் பிடித்துக்கொண்டு நின்றே கேட்டாள்.

"ஒண்ணே ஒண்ணு கேக்கோணும். நீங்க குறுக்க ஒக்காந்திருந்தப்ப அவரு உசுரோட இருந்தாருங்களா?"

சாரதாமணி கையிலிருந்த எண்ணெயைத் துணியில் துடைத்தாள். எல்லோரும் பொன்னாயியிடம் என்ன சொல்லியிருப்பார்கள் என்று அவளுக்குத் தெரியும். அதையே சொல்லிவிடலாம். அது சுலபம்.

"எனக்குத் தெரியாதுங்க பொன்னாயி" என்றாள். "இருந்திருந்தாலும் இருந்திருப்பாரு. நான் தெனமும் அதையே நெனச்சுப் பாக்கறேன். தெரியமாட்டேங்குது."

சாரதாமணி துணியைக் கீழே வைத்தாள்.

"ஆனா மறுக்கா அப்பிடி ஒரு நேரம் வந்தாலும் நான் எந்திரிக்க மாட்டேன். அதையும் உங்ககிட்டச் சொல்லிப் போடறேன். நீங்க என்னைய என்ன வேணும்னாலும் பேசுங்க."

வெளியே சேலம் பஸ் வந்து நின்று, ஆட்களை இறக்கிவிட்டுப் போயிற்று. பிறகு பொன்னாயி சொன்னாள். "எல்லாரும், உசுரு அப்பவே போயிருச்சு, ஒண்ணுந் தெரியாமப் போயிருச்சுங்கறாங்க. என்னையச் சமாதானம் பண்றதுக்குச் சொல்றாங்கன்னு எனக்குத் தெரியாதா? கெணத்துக்குள்ள இருந்தவர ஆரு பாத்தாங்க?" முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். "நீங்களாச்சும் தெரியாதுன்னு சொன்னீங்களே."

அவள் தூணிலேயே தலையைச் சாய்த்து அழுதாள். அந்த ஒரு மாதத்தில் யார் முன்னாலும் அப்படி அழுததில்லை என்று பின்னால் அவளே சொன்னாள். சாரதாமணி பக்கத்தில் போய் நின்றாள். தொடலாமா என்று தயங்கி, பிறகு அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். பொன்னாயி கையை இழுத்துக்கொள்ளவில்லை.

செங்கோட்டையன் அந்தக் கிணற்றை மண் போட்டு மூடிவிட்டார். பொன்னாயிக்குத் தன் காட்டிலேயே ஒரு வீடு கட்டிக் கொடுத்தார். விளக்கைப் பற்றி அவர் ஒருநாளும் பேசவில்லை. ஆனால் அந்த வறட்சி முடியும் வரை, மேட்டுக்காட்டில் எந்தக் கிணற்றில் ஆள் இறங்கினாலும் அவர் மொபெட்டில் கிளம்பிப் போய் நின்று, "லைட்டு எறக்கிப் பாத்தீங்களா?" என்று கேட்டார். செல்லமுத்து மூன்று மாதம் வீட்டில் கிடந்து, பிறகு மறுபடி கிணற்று வேலைக்குப் போனான்.

சாரதாமணி சேலத்துப் பட்டறையில் சொல்லி இரண்டு விளக்குகளுக்கு இரும்புக் கூண்டு அடித்து வாங்கினாள். கண்ணாடி பாறையில் இடித்தாலும் உடையாது. கிணற்றுக்கு விளக்கு கேட்டு வருகிறவர்களிடம், அணைந்தால் அதைத் திருப்பி எடுத்து வராதீர்கள், ஆட்களை மேலே எடுங்கள் என்று சொல்லிக் கொடுத்தனுப்புவாள். சிலர் அதைக் கேட்டுத் தலையாட்டினார்கள். சிலர், இந்தம்மாவுக்குக் கிணறு என்றாலே பயம் என்று பேசிக்கொண்டார்கள். அவள் மறுக்கவில்லை. பயம்தான். விளக்கு வெளியே போன நாட்களில் அது திரும்பி வந்து சேரும் வரை அவளுக்குச் சோறு இறங்காது. அடுத்த வருஷம் மழை வந்து கிணறுகள் நிறைந்தன. மேட்டுக்காட்டிலிருந்து விளக்கு கேட்டு வருகிறவர்கள் கல்யாணத்துக்கும் நோம்பிக்கும் மட்டுமே வந்தார்கள். அந்த ஐப்பசியில், கடை ஓட்டில் மழை கொட்டிக்கொண்டிருந்த ஒரு மத்தியானம், சாரதாமணி பல மாதங்களுக்குப் பிறகு வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டுப் பாயை விரித்துத் தூங்கினாள்.